புது விசுவாசிகளுக்கு: பாஸ்டர் சொல்றது சரியான்னு பாக்குறது எப்படி

எங்க அத்தை ஒருத்தங்க இருக்காங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் ராத்திரி யூடியூப் லைவ்ல ஜெபம் பாத்துட்டு இருந்திருக்காங்க, அதுல வந்த ஊழியக்காரர் "இன்னிக்கு ராத்திரி பன்னெண்டு மணிக்குள்ள விதைக்கிறவங்களுக்கு ஆறு மாசத்துல கடன் முழுசா தீரும்னு கர்த்தர் எனக்குக் காட்டுறார்"னு சொல்லி ஸ்கிரீன்ல க்யூஆர் கோட் போட்டுட்டார், அத்தை மக காலேஜ் பீஸுக்கு வச்சிருந்த 25,000 ரூபாய பதினொன்னு அம்பதுக்கு ஜிபேல அனுப்பிட்டாங்க. ஆறு மாசம் ஆச்சு, கடன் தீரல, வட்டிதான் ஏறுச்சு. அந்த நம்பருக்குப் போன் போட்டுக் கேட்டா எடுத்த ஆளு சொன்ன பதில், "உங்க வீட்டுல யாருக்கோ அவிசுவாசம் இருக்கு சிஸ்டர்". பணம் போனத விட அந்த வார்த்தைதான் அத்தைய சாய்ச்சிருச்சு. நம்மாலதான் ஆசீர்வாதம் தடைபட்டுச்சுன்னு ரொம்ப நாள் அழுதுட்டு இருந்தாங்க.

நான் பாளையங்கோட்டை பக்கம், சண்டே ஸ்கூல்ல பதினாலு வருஷம் பாடம் எடுத்தவ. பெரிய வேத பண்டிதை எல்லாம் இல்ல. ஆனா புதுசா சபைக்கு வர்றவங்க, அதுவும் வீட்டுலயே முதல் ஆளா இயேசுவ ஏத்துக்கிட்டு வர்றவங்க, "அக்கா அந்த பிரதர் மெசேஜ் கேக்கலாமா, இந்த பாஸ்டர் நல்லவரா"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் அனுப்பி அனுப்பி தொண்டை வறண்டு போச்சு. அதனால மொத்தமா இங்க எழுதிடுறேன். யார் பேரையும் சொல்லி இவர் கள்ளன்னு லிஸ்ட் போட மாட்டேன், அந்த லிஸ்ட் அடுத்த வருஷம் பழசாயிடும். நீங்களே பாத்துக்குற வழிய சொல்றேன்.

மொதல்ல ஒரு பயத்த எடுத்துப் போட்டுருவோம்

சோதிச்சுப் பாக்குறதே பாவம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. "நான் அபிஷேகம் பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்"னு ஒரு வசனத்த எடுத்து வாய அடைச்சிடுவாங்க. அது சங்கீதம் 105ல வருது. 12ஆம் வசனத்துல இருந்து படிங்க, ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு எல்லாம் கொஞ்சப் பேரா ஊர் ஊரா அலைஞ்சிட்டு இருந்த காலத்துல அவங்களுக்குக் கெடுதல் பண்ணாதீங்கன்னு கடவுள் ராஜாக்களக் கண்டிச்சார், அதத்தான் அங்க சொல்லுது. பாஸ்டர்கிட்ட கணக்கு கேக்காதன்னு அங்க ஒரு எழுத்து கூட இல்ல. தாவீது ராஜாவும் அபிஷேகம் பண்ணப்பட்டவர்தான், அவர் தப்பு பண்ணினப்ப நாத்தான் தீர்க்கதரிசி நேரா முகத்துக்கு நேரா "நீயே அந்த மனுஷன்"னு சொல்லல? அந்தியோகியாவுல, இயேசு கூடவே இருந்த சீஷர் பேதுருவ அப்போஸ்தலர் பவுல் எல்லார் முன்னாடியும் எதிர்த்துக் கேட்டார், கலாத்தியர் 2ல இருக்கு. பேதுருவுக்கே அந்த நிலைமைன்னா நம்ம தெரு முக்குல சபை வச்சிருக்கவருக்கு மட்டும் என்ன விதிவிலக்கு.

சோதிக்கச் சொன்னதே பைபிள்தான். 1 யோவான் 4:1 எல்லா ஆவிகளையும் நம்பாம சோதிச்சு அறியச் சொல்லுது. 1 தெசலோனிக்கேயர் 5ல "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்". பெரோயா ஊர்க்காரங்க பவுல் பிரசங்கத்தையே கேட்டுட்டு அப்படியே ஆமென் போடாம, வீட்டுக்குப் போய் தினமும் வேதத்தத் திறந்து இவர் சொன்னது சரிதானான்னு பாத்தாங்க. அதுக்கு அப்போஸ்தலர் 17:11ல அவங்களுக்கு நற்குணசாலிகள்னு பேரு. திட்டு இல்ல, பாராட்டு!

ஸ்டெப் 1: வசனத்த சொன்னா முழு அதிகாரத்தையும் படிங்க

இது ஒண்ணு மட்டும் பழகிட்டா பாதி ஏமாத்து வேலை உங்ககிட்ட செல்லாது. பிரசங்கம் கேக்கும்போது வசன எண்ண மட்டும் போன்ல குறிச்சு வச்சுக்கோங்க, வீட்டுக்கு வந்து அந்த வசனத்துக்கு முன்னாடி பத்து வசனம் பின்னாடி பத்து வசனம் படிங்க, முடிஞ்சா அதிகாரம் முழுக்க. யாரு யாருகிட்ட பேசுறாங்க, எந்த நிலைமையில பேசுறாங்கன்னு மட்டும் பாருங்க, கிரேக்கம் எபிரேயம் எல்லாம் தேவையில்ல.

உதாரணத்துக்கு எரேமியா 29:11. நம்ம வீடுகள்ல பாதி வாக்குத்தத்த அட்டையில இதான் இருக்கும், சமாதானத்துக்கேதுவான நினைவுகள்னு வரும். சீக்கிரம் வேலை கிடைக்கும், சீக்கிரம் கல்யாணம் ஆகும்னு இத வச்சு சொல்லுவாங்க. பாபிலோனுக்குச் சிறைபிடிச்சுட்டுப் போன யூதருக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதின கடிதம் அது, முந்தின வசனத்தப் படிச்சா பாபிலோன்ல 70 வருஷம் நிறைவேறினதுக்கு அப்புறம்தான்னு இருக்கு. அதாவது அந்தக் கடிதம் கேட்ட பெரியவங்க நிறைய பேரு ஊர் திரும்பாமலே செத்திருப்பாங்க. அங்கேயே வீடு கட்டு, தோட்டம் போடு, பிள்ளைங்களுக்குக் கல்யாணம் பண்ணி வையின்னுதான் எரேமியா எழுதுறார். ஆறுதல் இருக்கு, ஆனா அது "ஆறு மாசத்துல" வர்ற ஆறுதல் இல்ல.

பிலிப்பியர் 4:13ம் அப்படித்தான், "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு". எக்ஸாம், பிசினஸ், கிரிக்கெட் எல்லாத்துக்கும் இத ஒட்டிடுறோம். பவுல் அத எழுதினப்ப ஜெயில் கட்டுல இருந்தார், அதுக்கு முந்தின வசனம் பசியா இருக்கவும் தெரியும் திருப்தியா இருக்கவும் தெரியும்னு சொல்லுது. சோறு இல்லாத நாளையும் தாங்குற பெலன் அது.

தமிழ்ல புதிய ஏற்பாடு 1715லயே தரங்கம்பாடியில முழுசா அச்சுக்கு வந்துருச்சு, ஜெர்மனியில இருந்து வந்த மிஷனரி சீகன்பால்கு செஞ்ச வேலை. முந்நூறு வருஷமா கைக்கு எட்டுற தூரத்துல இருக்கு. இப்ப போன்லயே ஃப்ரீயா இருக்கு. இருந்தும் நாம கிளிப்பிங் பாத்து வேதம் படிக்கிறோம், என்னையும் சேத்துதான் சொல்றேன். புதுசா வந்தவங்க மாற்கு சுவிசேஷத்துல ஆரம்பிங்க, 16 அதிகாரம்தான், ஒரு வாரத்துல முடிச்சிடலாம். அப்புறம் யோவான், ரோமர். இயேசு எப்படிப் பேசுவார், யார்கிட்ட கோபப்பட்டார், யாரத் தொட்டார்னு உங்க மனசுல பதிஞ்சிட்டா வேற மாதிரி ஒருத்தர் பேசும்போது உங்களுக்கே எங்கயோ இடிக்கும்.

ஸ்டெப் 2: அடிப்படையில கை வைக்கிறாங்களான்னு பாருங்க

இது சின்னது. விசுவாசப் பிரமாணம்னு ஒண்ணு இருக்கு, சிஎஸ்ஐ, லுத்தரன், கத்தோலிக்க சபைகள்ல ஆராதனையில சொல்லுவாங்க, பெந்தெகொஸ்தே சபைகள்ல சொல்ற வழக்கம் பெரும்பாலும் இல்லன்னாலும் அதுல இருக்கறதத்தான் அவங்களும் நம்புறாங்க. இயேசு தேவகுமாரன், மனுஷனா வந்தார், நம்ம பாவத்துக்காக செத்தார், மூணாம் நாள் உயிரோட எழுந்தார், திரும்ப வருவார், ரட்சிப்பு கிருபையால. இதுல ஒண்ண மாத்தினாலும், இல்ல "இதோட கூட என்னையும் நம்பணும், என் வெளிப்பாட்டையும் நம்பணும்"னு ஒண்ண சேத்தாலும் அங்க நிக்காதீங்க. கலாத்தியர் 1:8ல பவுல் வானத்துல இருந்து தூதனே வந்து வேற சுவிசேஷம் சொன்னாலும் சபிக்கப்பட்டவன்கிறார்.

ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. நகை போடலாமா கூடாதா, வெள்ளை சேலைதான் கட்டணுமா, குழந்தைக்கு ஞானஸ்நானமா பெரியவங்களுக்கு முழுக்கா, அந்நிய பாஷை, அங்கி போட்ட ஐயரா (சிஎஸ்ஐல பாஸ்டர ஐயர்னுதான் சொல்லுவோம்) பேண்ட் சட்டை பாஸ்டரா, இதெல்லாம் சபைக்கு சபை மாறும், காலங்காலமா சண்டையும் நடக்குது. இதுல உங்களோட ஒத்துப்போகாதவர உடனே கள்ளப்போதகர்னு சொல்லிடாதீங்க. மத்த எல்லா சபையும் நரகத்துக்குப் போகும் நம்ம நாப்பது பேரு மட்டும் பரலோகம்னு ஒருத்தர் சொன்னா, அப்ப சந்தேகப்படுங்க.

ஸ்டெப் 3: தீர்க்கதரிசனத்துக்கு ஒரு நோட்டு போடுங்க

இதுதான் நம்ம ஆளுங்க ரொம்ப விழுற இடம், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

ஒரு சாதா 40 பக்க நோட்டு. தேதி, யார் சொன்னது, என்ன சொன்னது, எப்பக்குள்ள நடக்கும்னு சொன்னது. நாலு கட்டம். அவ்வளவுதான். உபாகமம் 18:22 சொல்றது நேரடியா இதத்தான், கர்த்தர் பேரால ஒருத்தன் சொன்னது நடக்கலைன்னா அது கர்த்தர் சொன்ன வார்த்தை இல்ல, அவனுக்கு நீ பயப்பட வேண்டாம். நாம என்ன பண்றோம்னா நடந்தத மட்டும் சாட்சி சொல்றோம், நடக்காதத மறந்துடுறோம். எழுதி வச்சா மறக்க முடியாது.

எரேமியா 28 படிங்க, சினிமா மாதிரி இருக்கும். அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி, ஆலயத்துல எல்லார் முன்னாடியும் பாபிலோனுக்கு அடங்கிப் போங்கன்னு காட்ட எரேமியா கழுத்துல போட்டிருந்த நுகத்த எடுத்து ஒடச்சிட்டு, ரெண்டு வருஷத்துல பாபிலோன் ராஜா நுகம் இப்படித்தான் ஒடையும், எல்லாரும் திரும்பி வருவாங்கன்னு சொன்னான். அந்தக் காலத்து கைதட்டல் அவனுக்குத்தான் கிடைச்சிருக்கும். எரேமியா என்ன சொன்னார் தெரியுமா, ஆமென், அப்படியே ஆகட்டும், ஆனா சமாதானம்னு சொல்ற தீர்க்கதரிசிய அது நடக்கும்போதுதான் கர்த்தர் அனுப்பினவன்னு தெரியும்னார். அனனியா அதே வருஷம் செத்துப்போனான், சிறையிருப்பு எழுபது வருஷம் போச்சு. யுத்தத்துக்குப் போகலாமான்னு கேட்ட ஆகாப் ராஜா கதையிலயும் 400 தீர்க்கதரிசிங்க ஒரே குரல்ல "போங்க, ஜெயம்"னாங்க, மிகாயா ஒருத்தர் மட்டும் இல்லன்னார், அவர் சொன்னதுதான் நடந்துச்சு. கூட்டம் பெருசா இருக்குறது ஒரு அத்தாட்சியே இல்ல.

இயேசு திரும்ப வர்ற தேதி குறிக்கிறவங்கள சுத்தமா விட்டுடுங்க. அமெரிக்காவுல வில்லியம் மில்லரோட ஆளுங்க 1844 அக்டோபர் 22ன்னு காத்துக்கிட்டு இருந்தாங்க, சில பேரு விளைச்சலக்கூட அறுக்காம விட்டாங்க. ஹரால்ட் கேம்பிங்னு ரேடியோ பிரசங்கியார் 2011 மே 21ன்னார், ஊரெல்லாம் போர்டு வச்சாங்க, நடக்கல, அக்டோபர் 21ன்னு மாத்தினார், அதுவும் நடக்கல. அந்த நாளையும் நாழிகையையும் குமாரனும் அறியார்னு மாற்கு 13:32ல இயேசுவே சொல்லியிருக்கும்போது இவங்களுக்கு மட்டும் எந்த வாட்ஸ்அப்ல வந்துச்சோ.

அப்புறம் இந்த பேரு சொல்லிக் கூப்பிடுறது. "ச எழுத்துல ஆரம்பிக்கிற பேரு, முதுகு வலி, இந்த வலது பக்கம் உக்காந்திருக்கீங்க"ன்னு கன்வென்ஷன்ல சொன்னா அஞ்சாயிரம் பேருல ஒரு சாந்தி, ஒரு செல்வி, ஒரு சரவணன் முதுகு வலியோட இல்லாமயா போயிடுவாங்க. இன்னும் ஒரு படி மேல போய் பேரு, தெரு, மாமியார் பேரு வரைக்கும் சொல்றாங்கன்னா, கூட்டத்துக்கு முன்னாடி நீங்க ஜெப விண்ணப்ப சீட்டுல என்ன எழுதிக் குடுத்தீங்க, பேஸ்புக்ல என்ன போட்டிருக்கீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. பீட்டர் பாப்பாஃப்னு அமெரிக்காவுல ஒருத்தர், சுகமளிக்கும் கூட்டத்துல ஆளுங்க பேரு, வியாதி, வீட்டு அட்ரஸ் எல்லாம் சரியா சொல்லுவார். 1986ல ஜேம்ஸ் ராண்டின்னு ஒரு மேஜிக் வித்தைக்காரர் ரேடியோ ஸ்கேனர் எடுத்துட்டுப் போய் பிடிச்சார், பாப்பாஃப் காதுல சின்ன ரிசீவர், அவர் மனைவி மேடைக்குப் பின்னால இருந்து ஜெப சீட்ட வாசிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க, 39.17 மெகாஹெர்ட்ஸ். டிவியிலயே போட்டுக் காட்டினாங்க. அடுத்த வருஷம் மனுஷன் திவால் மனு குடுத்தார். இதுல எனக்கு ஆச்சரியம் அது இல்ல, சில வருஷம் கழிச்சு அதே ஆளு திரும்பி வந்து அற்புதத் தண்ணீர் பாக்கெட் அனுப்ப ஆரம்பிச்சப்ப அதுக்கும் ஆளுங்க பணம் கட்டினாங்க பாருங்க, அதுதான்.

அப்ப அற்புதமே நடக்காதாங்கிறீங்களா? நடக்கும்னுதான் நான் நம்புறேன். ஆனா அடையாளம் நடந்தாக்கூட அது போதிக்கிறவருக்கு சர்டிபிகேட் இல்லன்னு உபாகமம் 13 சொல்லுது. உம்முடைய நாமத்தினாலே பிசாசுகளைத் துரத்தினோமேன்னு சொல்றவங்களப் பாத்து இயேசு நான் உங்கள ஒருக்காலும் அறியலைன்னு சொல்லுவார்னு மத்தேயு 7ல இருக்கு. அற்புதம் ஒரு பக்கம், ஆளு ஒரு பக்கம், ரெண்டையும் தனித்தனியா பாருங்க.

ஸ்டெப் 4: பணம்

டிடாக்கேன்னு ஒரு பழைய புத்தகம் இருக்கு, பன்னிரண்டு அப்போஸ்தலர் போதனைன்னு சொல்லுவாங்க, முதல் நூற்றாண்டு கடைசி இல்லன்னா ரெண்டாம் நூற்றாண்டு ஆரம்பம்னு வச்சுக்கோங்க. ரொம்ப நாள் காணாமப் போய், 1873ல கான்ஸ்டான்டினோபிள்ல ஒரு பிரதி கிடைச்சு 1883ல அச்சாச்சு. அதுல ஊர் ஊரா வர்ற ஊழியக்காரங்கள எப்படிப் பாக்கணும்னு சொல்லியிருக்கறதப் படிச்சப்ப எனக்கு சிரிப்பே வந்துருச்சு. வந்தா ஒரு நாள் தங்கட்டும், தேவைப்பட்டா ரெண்டாம் நாளும், மூணு நாள் தங்கினா அவன் கள்ளத்தீர்க்கதரிசி. கிளம்பும்போது அடுத்த ஊருக்குப் போற வரைக்கும் அப்பம் மட்டும் வாங்கிட்டுப் போகட்டும், காசு கேட்டா கள்ளத்தீர்க்கதரிசி. ஆவியில பேசுறேன்னு சொல்லி எனக்குப் பணம் குடுன்னு கேட்டா காது குடுக்காத, இல்லாதப்பட்டவங்களுக்காகக் கேட்டா அவனக் குறை சொல்லாத. அப்பவே எவ்வளவு அடிபட்டிருந்தா இப்படி ரூல் போட்டிருப்பாங்க!

காணிக்கை குடுக்கறது தப்பு இல்ல. வேலைக்காரன் கூலிக்குப் பாத்திரவான், ஐயர் வீட்டுலயும் கேஸ் சிலிண்டர் வாங்கணும், பிள்ளைங்க படிக்கணும். ஆனா விசனமாயுமல்ல கட்டாயமாயுமல்லன்னு 2 கொரிந்தியர் 9:7 சொல்லுது. டைம் லிமிட் போட்டு, பயம் காட்டி, லாபம் காட்டி வாங்கினா அது காணிக்கை இல்ல, சீட்டுக் கம்பெனி. தசமபாகத்துக்கு மல்கியா 3:10 மட்டும் படிப்பாங்க, உபாகமம் 14 கடைசியப் படிக்க மாட்டாங்க. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை அந்தப் பத்துல ஒண்ணு ஆலய வேலை பாக்குற லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் சாப்பாட்டுக்குன்னு அதுல இருக்கு. உங்க சபை காணிக்கையில விதவைக்கு எவ்வளவு போகுதுன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்.

கேக்க வேண்டியது இவ்வளவுதான்: பணம் பாஸ்டரோட சொந்த அக்கவுண்டுக்குப் போகுதா, டிரஸ்ட் இல்ல சபை அக்கவுண்டுக்குப் போகுதா? ரசீது உண்டா? டிரஸ்டிங்க யாரு, மனைவி மகன் மருமகன் மட்டும்தானா? வருஷத்துக்கு ஒரு தடவையாவது கணக்கு வாசிக்கிறாங்களா? (80ஜி, அதாவது குடுக்குறவங்களுக்கு வருமான வரிச் சலுகை, இல்லைன்னா உடனே சந்தேகப்படாதீங்க, மத காரியத்துக்கு மட்டும் இருக்குற டிரஸ்டுக்கு அது கிடைக்காது.) பெரிய சபைன்னா கமிட்டி, டயோசிஸ்னு (பல சபைங்க சேந்த திருமண்டலம்) இருக்கு, அதனால அங்க எல்லாம் சுத்தம்னு சொல்ல வரல, சேகர கமிட்டி எலெக்ஷன் பாத்தவங்களுக்குத் தெரியும், ஆனா கேக்குறதுக்கு ஒரு இடமாவது இருக்கு. பவுல் எருசலேம் ஏழைங்களுக்குப் பணம் சேத்தப்ப தான் மட்டும் தூக்கிட்டுப் போகல, யாரும் குத்தம் சொல்லக்கூடாதுன்னு தீத்துவையும் சபைங்க நம்பி அனுப்பின ஆளுங்களையும் கூட வச்சுக்கிட்டார், 2 கொரிந்தியர் 8. பவுலுக்கே சாட்சி தேவைப்பட்டுச்சு.

உங்களுக்கு ஒரு ரூல்: எந்தக் கூட்டத்துலயும், எந்த லைவ்லயும், அந்த நேரத்துல பணம் அனுப்பாதீங்க. வீட்டுல பேசி, ரெண்டு நாள் கழிச்சு, மனசு இருந்தா குடுங்க. கடன் வாங்கி, நகைய அடகு வச்சு கண்டிப்பா வேண்டாம். கடவுளுக்கு பன்னெண்டு மணி கட்ஆஃப் கிடையாது.

ஸ்டெப் 5: மாத்திரைய நிறுத்தச் சொன்னா அன்னிக்கே கிளம்புங்க

இதுல யோசனையே வேண்டாம். சுகர், பிரஷர், வலிப்பு, டிபி, மனநல மருந்து எதையும் விசுவாசத்துல நிறுத்துன்னு சொல்ற ஆளு எவ்வளவு அழகா பாடினாலும் வேண்டாம். நீ சுகமாகலைன்னா உன் விசுவாசம் பத்தலைன்னு சொல்றவங்ககிட்ட கேளுங்க, தன் கூட ஊழியம் பண்ணின துரோப்பீமுவ மிலேத்துவுல வியாதியோட விட்டுட்டு வந்தேன்னு பவுல் 2 தீமோத்தேயு 4:20ல எழுதறாரே, பவுலுக்கு விசுவாசம் பத்தலையா? தீமோத்தேயுவுக்கு வயித்துக் கோளாறு, அதுக்கு கொஞ்சம் திராட்சரசம் சேத்துக்கோன்னு கைவைத்தியம்தானே சொன்னார். கூடவே சுத்தின லூக்கா டாக்டர். இன்ன இன்ன நோய் அற்புதமா குணமாகும்னு விளம்பரம் பண்றதுக்கு எதிரா நம்ம நாட்டுல 1954லயே சட்டம் இருக்கு, மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம். ஜெபம் பண்ணுங்க, எண்ணெய் பூசுங்க, மாத்திரையையும் போடுங்க.

ஸ்டெப் 6: ஆள் எப்படின்னு பாருங்க, அதுக்கு நாள் ஆகும்

கனிகளினாலே அறிவீர்கள்னு இயேசு சொன்னார். கனி ஒரே நாள்ல காய்க்காது. மரத்துக்குப் பக்கத்துல இருந்தாத்தான் தெரியும், டிவியில தெரியறது இலை மட்டும்தான். 1 தீமோத்தேயு 3ஆம் அதிகாரத்துல கண்காணிக்கு, அதாவது சபைய நடத்துறவருக்கு, என்ன தகுதின்னு பாருங்க, போதிக்கத் தெரியணும்னு ஒண்ணே ஒண்ணுதான் திறமை, மத்ததெல்லாம் குணம், குடிக்காதவன், அடிக்காதவன், பண ஆசை இல்லாதவன், வீட்ட ஒழுங்கா நடத்துறவன், வெளி ஆளுங்ககிட்டயும் நல்ல பேரு.

உபதேசம் சரியா இருந்தா போதும்னு நான் ரொம்ப நாள் நினைச்சிட்டு இருந்தேன். அத ஒடச்சது ரவி சகரியாஸ் விஷயம். மெட்ராஸ்ல 1946ல பிறந்தவர், உலகம் பூரா போய் கிறிஸ்தவ விசுவாசத்துக்காக வாதாடினவர், நம்ம ஊர்ப் பையன்னு நாங்கெல்லாம் பெருமைப்பட்டோம். அவர் சொன்ன உபதேசத்துல குத்தம் கண்டுபிடிக்கிறது கஷ்டம். 2020 மே மாசம் இறந்தார். 2021 பிப்ரவரியில அவர் நிறுவனமே வச்ச வக்கீல் கம்பெனியோட விசாரணை அறிக்கை வந்துச்சு, பல பெண்கள்கிட்ட பாலியல் ரீதியா தப்பா நடந்துக்கிட்டது உண்மைன்னு. அவர் உயிரோட இருக்கும்போதே ஒரு பெண் புகார் சொன்னாங்க, நிறுவனம் அப்ப அவர் பக்கம்தான் நின்னுச்சு, கடைசியில தப்பு பண்ணிட்டோம்னு வெளிப்படையா மன்னிப்பு கேட்டுச்சு. அந்த அறிக்கை வந்த வாரம் என்னால சண்டே கிளாஸ் எடுக்க முடியல.

அதுல இருந்து நான் பாக்குறது ஒண்ணு. இவர்கிட்ட யாரால "இல்ல, இது தப்பு"ன்னு சொல்ல முடியும்? அப்படி ஒரு ஆளோட பேரச் சொல்லுங்கன்னு கேட்டா சபையில பதில் வருதா? பெண்களையோ பிள்ளைங்களையோ தனியா ரூம்ல வச்சு கவுன்சலிங், ஜெபம்னா கதவு திறந்திருக்கா, கூட இன்னொருத்தர் இருக்காங்களா?

நீங்களே ஒரு சின்ன சோதனை பண்ணலாம். மரியாதையா, தனியா போய், "பாஸ்டர், போன வாரம் நீங்க சொன்ன அந்த வசனம் எனக்குப் புரியல, முன்னாடி இப்படி இருக்கே"ன்னு கேளுங்க. நல்ல போதகர் ஒண்ணு விளக்குவார், இல்ல "எனக்கும் அது சரியாத் தெரியலம்மா, பாத்துட்டு சொல்றேன்"பார். எங்க பழைய ஐயர் ஒருத்தர் அடுத்த ஞாயித்துக்கிழமை மேடையில நின்னு "போன வாரம் நான் சொன்னது தப்பு, ஒரு தங்கச்சி திருத்துனாங்க"ன்னு சொன்னார், அன்னிக்கு அவர் மேல வந்த மரியாதை இன்னும் போகல. மத்தவங்க எப்படின்னா, உங்க கேள்விக்குப் பதில் வராது, அடுத்த பிரசங்கத்துல பேரு சொல்லாம உங்களுக்கு அடி விழும், கோராகு, யேசபேல்னு பைபிள்ல கெட்ட பேரு எடுத்தவங்க எல்லாம் வருவாங்க.

ஸ்டெப் 7: வீட்டுல இருந்து பிரிக்கிறாங்களா

புதுசா வர்றவங்களுக்கு வீட்டுல எதிர்ப்பு இருக்கலாம், அது வேற. ஆனா சபையே "உங்க அம்மாகூடப் பேசாத, அந்த சொந்தக்காரங்க போன எடுக்காத, வேற பிரசங்கம் கேக்காத, படிப்ப விடு, வேலைய விடு"ன்னா அது சிக்கல். 1978 நவம்பர் 18ல கயானா காட்டுல ஜிம் ஜோன்ஸ் கூட்டத்துல 900 பேருக்கு மேல செத்தாங்க, அதுல நிறைய குழந்தைங்க. அவரும் ஆரம்பத்துல ஏழைங்களுக்கு சோறு போட்ட ஒரு போதகர்தான். 2023ல கென்யாவுல ஷாகஹோலா காட்டுல 400க்கு மேல உடல்களத் தோண்டி எடுத்தாங்க, பட்டினி கிடந்தா இயேசுவ சந்திக்கலாம்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனதா வழக்கு. யாரும் முதல் நாள் காட்டுக்குப் போகல. மொதல்ல ஒரு போன் காலத்தான் எடுக்காம விட்டிருப்பாங்க.

தப்பு சொல்றவர் வேற, ஏமாத்துறவர் வேற

அப்பொல்லோன்னு ஒருத்தர் அப்போஸ்தலர் 18ல வருவார். நல்லா பேசுவார், வேதத்துல வல்லவர், ஆனா யோவான் ஸ்நானன் குடுத்த ஞானஸ்நானத்த மட்டும்தான் தெரியும், பாதிதான். ஆக்கில்லா, பிரிஸ்கில்லான்னு புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் அவரக் கூட்டிட்டுப் போய் இன்னும் சரியா சொல்லிக் குடுத்தாங்க, ஸ்டேட்டஸ்ல போட்டு கிழிக்கல. அவரும் கேட்டுக்கிட்டார். வித்தியாசம் அங்கதான் தெரியும். எல்லா பாஸ்டரும் எப்பவாவது தப்பா பேசுவாங்க, நாலு புத்தகம் கூட இல்லாத கிராமத்துல இருந்து ஊழியம் பண்றவங்க இருக்காங்க, வருஷத்த மாத்தி சொல்லுவாங்க, உதாரணம் தப்பா இருக்கும். அவங்கள இந்த லிஸ்ட்ல சேக்காதீங்க. யூடியூப்ல இன்னொரு கும்பல் இருக்கு, எல்லாரையும் கள்ளன்னு சொல்லியே சேனல் நடத்துறவங்க, அவங்களுக்கும் அதே க்யூஆர் கோட் கீழ ஓடுது, கவனிச்சீங்களா?

வெளிய வரணும்னா

சத்தம் போடாம வாங்க. சண்டை வேண்டாம், மேடையில போய் மைக் பிடிக்க வேண்டாம். ஞானஸ்நான சர்டிபிகேட், பிள்ளைங்க சர்டிபிகேட் ஏதாவது அவங்ககிட்ட இருந்தா மொதல்ல வாங்கிடுங்க. மாசாமாசம் ஆட்டோபே போட்டிருந்தா யுபிஐ ஆப்ல போய் கேன்சல் பண்ணுங்க, பணம் அனுப்பின ஸ்க்ரீன்ஷாட், ரசீது, மெசேஜ் எதையும் அழிக்காதீங்க. "போனா சாபம் வரும்"னு சொல்லுவாங்க, அந்த வாய்ஸ் நோட்டையும் சேவ் பண்ணி வைங்க. ஆன்லைன்ல பணம் ஏமாந்திருந்தா சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு உடனே போன் பண்ணுங்க, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பிள்ளைங்ககிட்ட யாராவது தப்பா நடந்திருந்தா சபைக்குள்ள பேசித் தீக்கலாம்னு சொல்றத கேக்காதீங்க, குழந்தைங்க ஹெல்ப்லைன் 1098க்குப் போன் பண்ணுங்க. பெண்களுக்கு 181.

அப்புறம் கொஞ்ச நாள் எங்கயும் போகப் பிடிக்காது, பாட்டு கேட்டாலே எரிச்சல் வரும். பரவால்ல. வீட்டுல மாற்கு படிங்க. நம்பிக்கையான ரெண்டு பேரோட ஜெபம் பண்ணுங்க. அடுத்த சபைக்குப் போறப்ப மூணு மாசம் பின் பெஞ்சுல உக்காந்து பாருங்க, உடனே மெம்பர் ஆக வேண்டாம், யாராவது அவசரப்படுத்தினா சிரிச்சுட்டு "பாக்கலாம் பிரதர்"னு சொல்லுங்க.

அத்தை இப்ப எங்க தெரு சபைக்குத்தான் வர்றாங்க. போன மாசம் அவங்க வீட்டுக்குப் போயிருந்தப்ப பால் கணக்கு நோட்ட எடுத்துக் காமிச்சாங்க. பின் பக்கத்துல ஸ்கேல் வச்சு நாலு கட்டம் போட்டு, முதல் வரியில அந்த ராத்திரியோட தேதி, அந்த ஊழியக்காரர் பேரு, 25,000, ஆறு மாசம். பக்கத்துல சின்னதா "நடக்கல"ன்னு எழுதியிருந்தாங்க.